எங்கள் தெரு வடிகால் தீர்மானம்

சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கும் ஒரு பேரூராட்சியில் நான் வார்டு உறுப்பினர். இது நாலாவது வருடம். முதல் கூட்டத்துக்குப் போனபோது அலுவலக எழுத்தர் எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்து, "சார் வரலீங்களா?" என்று என் கணவரைக் கேட்டார். தேர்தலில் நின்றவள் நான்தான் என்றேன். சிரித்துக்கொண்டே நாற்காலியைக் காட்டினார்.

என்னை நிற்கச் சொன்னவள் எதிர்வீட்டுத் தையல்காரி. என்னைவிட ஆறு வயது சின்னவள். சிறுவயதில் போலியோ வந்து வலதுகால் சூம்பிவிட்டது. முன் அறையில் இரண்டு மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். பின்னால் கூடுதல் சக்கரங்கள் வைத்த ஸ்கூட்டரில் அவளே சிதம்பரம் போய் லைனிங் துணியும் நூலும் வாங்கி வருவாள். அவள் கணவருக்குப் பரங்கிப்பேட்டையில் ஐஸ் கம்பெனியில் வேலை. லீவு நாட்களில் அவரே செங்கல் அடுக்கி, சிமெண்ட் பூசி, வாசலில் நீளமாக ஒரு சரிவு கட்டிக் கொடுத்திருந்தார். தெருவில் வரும் வண்டி அதில் ஏறி நேராக முன் அறைக்குள் போய் நிற்கும்.

ஐப்பசி பிறந்தால் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். சாக்கடையும் அதோடு சேர்ந்து வீட்டுக்குள் வரும். ஒரு வருடம், கல்யாணத்துக்காக அவள் தைத்து மடித்து வைத்திருந்த பட்டு ஜாக்கெட்டுகள் அத்தனையும் நனைந்து நாறிப்போயின. அந்த ஈரத்தில் நின்றுகொண்டுதான் சொன்னாள்.

"நீ எலெக்‌ஷன்ல நில்லுக்கா. நின்னு இந்த வாய்க்கால மட்டும் கட்டிக் குடு. வேற ஒண்ணும் வேணாம்."

வீடு வீடாக என்னோடு வந்து ஓட்டுக் கேட்டதும் அவள்தான்.

இரண்டு வருடம் ஒவ்வொரு கூட்டத்திலும் வடிகால் பற்றிக் கேட்டேன். "அடுத்த கூட்டத்துல வைப்போம்மா" என்பார் தலைவர். மூன்றாம் வருடம்தான் அது அஜெண்டாவில் ஏறியது. பொறியாளர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். தெருவின் இரண்டு பக்கமும் வடிகால் வரும். அதற்காக வாசலுக்கு வெளியே கட்டிய படி, சரிவு, துவைக்கும் கல் எல்லாவற்றையும் இடிக்க வேண்டும். எல்லாமே அரசு நிலத்தில் இருந்தன, என் வீட்டுப் படியும்தான்.

அன்று மாலை அவளிடம் போய்ச் சொன்னேன். மிஷினை நிறுத்தாமல் கேட்டாள்.

"எல்லார் வீட்டுப் படியும் போவுது, சரி. என் சரிவு?"

"அதுவுந்தான்."

"அப்ப நான் எப்பிடி வெளிய போறது? நீ பேசுக்கா."

பேசினேன். அந்த ஒரு வீட்டை மட்டும் விட்டுவிடுங்கள், வண்டி இல்லாமல் அவளால் எங்கேயும் போக முடியாது என்று மன்றத்தில் சொன்னேன். தலைவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு மளிகைக் கடைக்காரர் வருவாரு, எங்கம்மாவுக்கு மூட்டு வலின்னுவாரு. அவுருக்கு என்ன பதில் சொல்றது?"

செயல் அலுவலர் குரலைத் தாழ்த்தி, "வேணும்னா ஒத்திவச்சுடலாம் மேடம். ஆனா இந்த வருஷ வேலை வேற வார்டுக்குப் போயிரும்" என்றார்.

கடைசியில் தலைவரே ஒரு வழி சொன்னார். வடிகால் முடிந்ததும் அதன் மேல் அந்த வீட்டுக்கு மட்டும் சிலாப் போட்டு சரிவு கட்டித் தரலாம். எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார். சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். நானும் தூக்கினேன்.

நடந்ததை அவளிடம் போய்ச் சொன்னேன். "நீயும் கை தூக்குனியா?" என்று மட்டும் கேட்டாள்.

"தூக்குனேன்."

தலையை ஆட்டினாள். ஊசியில் நூல் கோத்தாள்.

ஜேசிபி ஒரு காலையில் வந்தது. என் வீட்டுப் படி ஒரே தள்ளில் பெயர்ந்தது. அவள் வீட்டுச் சரிவுக்குத்தான் நேரம் பிடித்தது. அவள் கணவர் அவ்வளவு உறுதியாகக் கட்டியிருந்தார். வீட்டுக்குள் போக மனம் வராமல் நான் தெருவிலேயே நின்றேன். டிரைவர் தண்ணீர் கேட்டபோது அவள் ஜன்னல் கம்பி வழியாக பாட்டிலை நீட்டினாள். என் பக்கம் திரும்பவில்லை.

தோண்டிய பள்ளம் வாரக்கணக்கில் மூடாமல் கிடந்தது. நாங்கள் பலகை போட்டுத் தாண்டினோம். அவளை அவள் கணவர் தூக்கிக்கொண்டு தாண்டினார். ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு நான் உதவிக்கு ஓடியபோது, "வேணாங்க்கா. தெருவே பாக்குது" என்றாள். அந்த வாரமே இரண்டு மிஷினையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு குறிஞ்சிப்பாடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"கோவம்லாம் இல்லக்கா. பேசத்தான் தோணல."

அந்த ஐப்பசியில் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. இரண்டு நாள் விடாமல் பெய்தும் வடிகாலில் சலசலவென்று ஓடிப்போயிற்று. பக்கத்து வீட்டில் கேசரி கிளறிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கி வைத்தேன், சாப்பிட முடியவில்லை. மழை விட்டதும் தெருவைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். மறுநாள்தான் பதில் வந்தது: "நல்லா இருக்கு."

சரிவு விஷயத்தைக் கூட்டத்துக்குக் கூட்டம் நினைவுபடுத்தினேன். ஒருமுறை மழை, ஒருமுறை ஒப்பந்தக்காரர் ஊரில் இல்லை, ஒருமுறை பொறியாளருக்கு மாற்றல். ஏழு மாதம் கழித்து அது தீர்மானமாக வந்தது. தெருவிளக்குக்கும் குப்பை வண்டிக்கும் நடுவில் எழுத்தர் படபடவென்று வாசித்தார். நான் டீ கிளாஸைக் கையில் எடுப்பதற்குள் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது'. யாருக்கும் ஆட்சேபணை இல்லை. முதலிலிருந்தே யாருக்கும் அவள் மேல் ஆட்சேபணை இருந்ததில்லை.

சரிவு கட்டி முடித்த அன்று அவளுக்கு போன் செய்தேன். மறுநாளே ஸ்கூட்டரில் வந்தாள். தெருவில் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். வண்டி பாதி ஏறியதும் உறுமியது, முன்சக்கரம் லேசாகத் தூக்கியது, பயந்துபோய் பின்வாங்கினாள். பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து என் கையில் கொடுத்து அளக்கச் சொன்னாள்.

"நீளம் பத்தலக்கா. இன்னும் மூணடி தெருவுக்குள்ள வரணும்."

மூன்றடி தெருவுக்குள் வந்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. இருவருக்கும் அது தெரியும். வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "சரி, தள்ளு" என்றாள். நானும் அவள் கணவரும் பின்னாலிருந்து தள்ள, வண்டி முன் அறைக்குள் போய் நின்றது. அடுத்த வாரம் மிஷின்களும் திரும்பி வந்தன.

அந்த மூன்றடிக்கும் மனு கொடுத்திருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

சரிவில் வண்டியோடு இறங்குவதில் அவளுக்குச் சிரமம் இல்லை. கடைக்குப் போய்த் திரும்பும்போதுதான் வாசலில் நின்று இரண்டு தடவை ஹாரன் அடிக்கிறாள். கையில் இருப்பதை வைத்துவிட்டுப் போய்த் தள்ளுகிறேன். எனக்கும் இப்போது இடுப்பு வலி. வண்டி உள்ளே போனதும் தண்ணீர் தருகிறாள், இரண்டு வார்த்தை பேசுகிறாள். முன்பு பேசிய பேச்சு இல்லை.