ஹாஜிரா டீச்சர் உதவியாளர் அல்ல

ஹாஜிரா டீச்சர் போன வாரம் இறந்துவிட்டார். புதுச்சத்திரத்தில் முட்டை லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது, செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைக்காரர் ஒருவர் போனில் சொன்னார். லோடை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். டீச்சரிடம் படித்த வியாபாரிகள் எல்லோரும் அடக்கத்துக்கு வந்திருந்தோம். துக்கத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன்; கோபம்தான் முன்னால் வருகிறது.

ஜவுளிக் குடோன் மாடியில், கடைகளில் கூட்டம் குறையும் மதிய நேரத்தில், எங்களைப் போன்ற நரைத்த தலைகளுக்கு இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒரு வார்த்தைக்கு ஒரு வரி அர்த்தம். "டெபாசிட்னா திரும்பி வர்ற பணம். அட்வான்ஸ்னா கணக்குல கழியற பணம்." அந்த வார்த்தையை வைத்துத் தன் தொழிலைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லாதவருக்கு அடுத்த வார்த்தை கிடைக்காது. நான் முணுமுணுத்தால் விடமாட்டார். "முட்டைக்காரண்ணே, கோழி ஒரு முட்டைக்கு ஊரையே கூட்டுது. நீங்க ஒரு வார்த்தைக்கு வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்களே!"

பெங்களூர் பார்ட்டி ஒருவர், தன் லாரியிலேயே ஏற்றிப்போன முட்டை உடைந்ததற்கு 'டிஃபெக்ட்' என்று சொல்லிப் பணத்தைப் பிடிக்கப் பார்த்தார். டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது: "டிஃபெக்ட்னா பொறக்கும்போதே கெட்டது. டேமேஜ்னா வழியில கெட்டது." போனில் கத்தினேன்: "நோ டிஃபெக்ட். டேமேஜ். யுவர் லாரி!" முழுப் பணமும் வந்து சேர்ந்தது. எனக்கு அன்றைக்குத்தான் குரல் வந்தது.

இந்த அர்த்தங்களைத்தான் சேலத்துக் கோச்சிங் சென்டர்க்காரர் ஒருவர் புத்தகமாகப் போட்டார். டீச்சர் அங்கேயும் பாடம் எடுத்தவர். அட்டையில் கோட் போட்ட ஓனர் படம். உள்ளே தேடினாலும் டீச்சர் பெயர் இல்லை. கேட்டதற்கு, "டிகிரி இல்லாதவங்க பேரைப் போட்டா யார் வாங்குவா?" என்றாராம். மறுநாளே வேலையை விட்டு வந்துவிட்டார் டீச்சர்.

டீச்சரை அடக்கம் செய்த மூன்றாம் நாள் அதே மனிதர் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தார். தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்: 'எங்கள் சென்டரின் உதவியாளர் மறைந்தார்.' உதவியாளராம்! உட்கார்ந்ததும் மகள் ஷமீமாவிடம், "அம்மா வாட்ஸ்அப்ல பேசி அனுப்புன அர்த்தமெல்லாம் குடும்மா. அவங்க ஞாபகமா அடுத்த புக்ல சேத்துக்கறோம்" என்றார். அழுதுகொண்டிருந்த பெண் போனை எடுத்தது. நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"ஏனுங்க சார், ஹெல்ப்பர்னா என்னங்க?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"டீச்சர் சொல்லிக்குடுத்தது தெரியுமுங்க. வேல இன்னொருத்தருது, கை மட்டும் நம்மளுது. அந்தப் புத்தகத்துல வேல யாருதுங்க?"

அவர் எழப் பார்த்தார்.

"உக்காருங்க. அவங்க குரல் எங்க எல்லாரு போன்லயும் இருக்குது. பேரு போடலீன்னா நாங்களே அச்சடிச்சு, மளிகை மூட்டையோட சும்மாவே குடுத்துருவோம். அப்பறம் உங்க புக்க யாரு வாங்குவாங்க?"

உட்கார்ந்தார்.

எந்த வார்த்தை வந்தாலும், இதை என் கடையில் எங்கே வைத்துக் காட்டுவது என்று கேட்கும் பழக்கத்தைத்தான் டீச்சரிடமிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். டெர்ம்ஸ் என்றால் "கை குலுக்கறதுக்கு முன்னாடி பேசி முடிக்கறது" என்பார். பேசி முடித்தது இது: ஃப்ளெக்ஸ் அன்றைக்கே இறங்கும். பழைய புத்தகம் இனி அச்சாகாது. புதிய அட்டையில் ஹாஜிரா பேகம் என்ற பெயர் மட்டும். கோட் படம் கிடையாது. விலை அறுபது ரூபாய். அதில் பதினைந்து ஷமீமாவுக்கு.