குஸ்திக் கோப்பையில் பால்

என் கொழுந்தனின் கல்லூரியில் ஆண்டுதோறும் சிறந்த குஸ்தி வீரனுக்கு வெள்ளிக் கோப்பை ஒன்று தருவார்கள். ஜெயித்தவர் ஓராண்டு வைத்திருந்து, அடுத்த போட்டி நாளன்று திருப்பித் தர வேண்டும். அந்த ஆண்டு அது ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது.

ஒருநாள் கொழுந்தன் விளையாட்டாக அதில் என் மகளுக்குப் பால் புகட்டினார். அன்றே நான் தடுத்திருக்க வேண்டும். அதன்பின் அவள் டம்ளரைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டாள். பள்ளியில் நான் படித்த குழந்தை வளர்ப்புப் பாடத்தில் இதற்கு வழியே இல்லை.

போட்டிக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

"இன்னொரு தபா ஜெயிச்சா கோப்பை நம்ம வூட்லயே இருக்கும், வுடுங்க அண்ணி" என்றார். சொன்னவர் பயிற்சியை விட்டுவிட்டு, தோஸ்துகளோடு துறைமுகத்தில் கப்பல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பாதாம் அரைப்பதே தண்டம் என்று ஓராண்டாக முணுமுணுத்தவள் நான். மறுநாள் விடியற்காலையில் நானே அரைத்து எடுத்துப்போய் அவரை எழுப்பினேன்.

"இன்னா அண்ணி, நீங்க எப்போ குஸ்தி வாத்தியாரானீங்க?"

"குடிச்சிட்டுத் தண்டால் எடுங்க தம்பி. நீங்க தோத்தா உங்க அண்ணன் பொண்ணு பட்டினி."

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஐம்பது தண்டால் முடியும்வரை அங்கேயே நின்றேன்.