திருப்பி மாட்டிய கத்தி

என் அண்ணிக்கு எதையும் நேராக மாட்ட வராது. கடிகாரத்துக்கு பேட்டரி போட்டால் தலைகீழ், தலையணைக்கு உறை போட்டால் தையல் வெளியே. சீருடை தைக்கும் கடையில் பதினெட்டு வருடமாக எப்படிக் குப்பை கொட்டுகிறார் என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன். "நான் தைச்சத யாரும் திருப்பிக் கொண்டாந்ததில்ல தம்பி" என்பார்.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் பேச்சும் போயின. தொண்டையும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. மிக்ஸி தண்ணீர் விடாமல் சுற்றாது. தண்ணீர் விட்டு அரைத்துக் கொடுத்தால் புரையேறிவிடும். விழுங்கும் பயிற்சி தர வந்த பெண் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள வாயால சாப்பிடலைன்னா, மூக்குல குழாய்தான்." அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். சாப்பாட்டுப் பிரியர் அவர்.

அண்ணி பரணில் கிடந்த இரும்பு மிஷினை இறக்கினார். மேஜை விளிம்பில் திருகி மாட்டிக் கையால் சுற்றுவது, எங்கள் தாத்தா காலத்துச் சாமான். மேலே போடுவதை உள்ளே இருக்கும் கத்தி நறுக்கி, துளைத்தட்டு வழியே தள்ளும். அதற்குத் தண்ணீர் தேவையில்லை.

வியாழக்கிழமை நான் போனபோது, வெந்த கோழியையும் உருளைக்கிழங்கையும் போட்டு மூச்சு வாங்கச் சுற்றிக்கொண்டிருந்தார். துளைகளில் பொடிப்பொடியாக வர வேண்டியது வெண்ணெய் மாதிரி பிதுங்கி வந்தது. லேத் பட்டறைக்காரனான எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"அண்ணி, கத்தியத் திருப்பி மாட்டியிருக்கீங்க. வெட்டாம நசுக்குது. நகருங்க, சரி பண்றேன்."

"கைய எடுங்க தம்பி! மொதல்ல இது எறங்குதான்னு பாப்போம்."

ஸ்பூன் நுனியில் எடுத்து அண்ணன் வாயில் வைத்தார். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. இன்னொரு வாய் கொடுத்தார், அதுவும் இறங்கியது.

என் கெட்டிக்காரத்தனத்தை அவர் கேட்டிருந்தால், பொடிப்பொடியாக வந்து அண்ணன் தொண்டையில் சிக்கியிருக்கும். அண்ணிக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

வெள்ளிக்கிழமை பயிற்சிக்காரப் பெண் பக்கத்திலேயே நின்று பார்த்தார். கிண்ணம் காலியானது. "குழாய் வேண்டாம். இதே பதத்துல குடுங்க" என்றார். அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தைக் கழுவ எழுந்தார்.

அண்ணன் நல்ல கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். உதடு கோணியது, ஏதோ முக்கினார். பக்கவாதம் வந்த பிறகு முதல் சொல் வந்தது.

"இன்னும்."