நீட்டாத கால்

என் காலைக் கழுவக் குனிந்த ஒருவரை, பலர் பார்க்க நான் அவமானப்படுத்தினேன். கோபத்தில் செய்யவில்லை. மிகுந்த பணிவோடு செய்தேன். அதனால்தான் அன்று யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை.

எங்கள் பங்கில் தெருவுக்குத் தெரு அன்பியம் உண்டு. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஜெபமாலை சொல்லி, பைபிள் வாசித்து, வடையும் காபியும் சாப்பிட்டுக் கலைவோம். எங்கள் அன்பியத்துக்கு நான் தலைவர். கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் வாய் திறக்க இடம் விடாமல் பேச வரும். அதுதான் தகுதி.

அந்தத் தவக்காலத்தில், புதிதாக வந்திருந்த இளம் பங்குத்தந்தை ஒரு யோசனை சொன்னார். பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், சாமியார் சிலருக்குப் பாதம் கழுவுவதை மற்றவர்கள் வேடிக்கை பார்த்தால் போதாது. அதற்கு முன்பே அன்பியத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கழுவிவிட வேண்டும். கூட்டம் எங்கள் வீட்டு ஹாலில். நான் முந்தின நாளே அழகு நிலையத்துக்குப் போய்க் காலைச் சுத்தம் செய்துகொண்டு வந்தேன். தாழ்ச்சிக்கு லட்சணமான கால் வேண்டுமே.

கூட்டத்தில் எதிர்பாராத சிக்கல். கழுவ எல்லாரும் தயார். காலை நீட்டத்தான் ஆளில்லை. ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், "எனக்கு ஷுகர் ஃபாதர், ஈரம் ஆகாது. நான் கழுவி மட்டும் விட்டுடறேன்" என்றார். ஒரு டீச்சரம்மா, "நான் பெரிய பாவி, என் கால யாரும் தொட வேணாம். அந்த மக்க இப்படிக் குடுங்க" என்று பிடுங்கினார். யார் பெரிய பாவி என்று சிறிது நேரம் போட்டி நடந்தது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் களேபரத்தில் இடம் மாறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், சிவாஜிநகர் மார்க்கெட்டில் கறிக்கடையில் வெட்டும் வேலை பார்ப்பவர். பின் சந்தில் வீடு. பக்கவாதத்தில் விழுந்த என் மனைவியை ஞாயிறுதோறும் சக்கர நாற்காலியோடு கோயில் படிகளில் ஏற்றி, பூசை முடிந்ததும் இறக்கிவிட்டுக் கடைக்கு ஓடுகிறவர் அவர்தான். படிக்குப் பக்கத்தில் சரிவுப் பாதை கட்ட ஒரு கமிட்டி இருந்தது. அதற்கும் நான்தான் தலைவர். அதனால் பாதை இல்லை.

முதலில் நான் அவர் காலைக் கழுவினேன். நிதானமாக, விரல் இடுக்கெல்லாம். வங்கி மேலாளர் செல்போனில் படம் எடுத்தார். நானும் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

பக்கத்தில் இருந்தவர் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்தார். "இப்ப என் முறை சார்."

நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். "வேணாம்ப்பா. உனக்குச் செய்யத்தான் நான் வந்தேன். எனக்கு நீ செய்ய வேணாம்."

"பாத்தீங்களா ஃபாதர், இதுதான் தாழ்ச்சி" என்றார் வங்கி மேலாளர். கை தட்டினார்கள். தரையில் உட்கார்ந்திருந்தவர் தண்ணீர் மக்கைக் கையில் பிடித்தபடி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டு, காபி குடிக்காமல் போனார்.

அது தாழ்ச்சி இல்லை. அவர் என்ன சாதி என்று எனக்குத் தெரியும். சாதி மனிதன் உண்டாக்கியது என்று வகுப்பில் ஆண்டு முழுக்கப் பேசியவன் நான். அவர் வெட்டித் தரும் கறி ஞாயிறுதோறும் என் வாய்க்குள் போகும். அந்தக் கை என் காலில் படுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. நானும் வங்கி மேலாளரும் நாற்காலியைத் தூக்கினோம். பாதிப் படியில் எந்தப் பக்கம் சாய்ப்பது என்று எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. "கீழ இறக்குங்க. கோயிலுக்குப் போற வழியிலயே மோட்சத்துக்கு அனுப்பிடாதீங்க" என்றாள் மனைவி. அதன்பின் அவள் கோயிலுக்குப் போகவில்லை. ஞாயிறு காலையில் மணி அடிக்கும்போது ஜன்னலைப் பார்த்தபடி கேட்பாள்: "கால நீட்டினா என்ன தேஞ்சா போயிடுவீங்க?"

மழைக்காலம் தொடங்கியபின் ஒருநாள் பின் சந்தில் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பைத் தயாரித்து வைத்திருந்தேன், முன்னுரையெல்லாம் இருந்தது. அவர் முழுவதும் கேட்டார்.

"நல்லா பேசறீங்க சார். அன்னிக்கும் நல்லாதான் பேசினீங்க."

"அடுத்த கூட்டத்துல, எல்லார் முன்னாடியும் மறுபடி உங்க கால கழுவறேன்."

"எதுக்கு? என் கால்தான் கழுவியாச்சே. நின்னு போனது என் முறை" என்றவர் உள்ளே பார்த்து, "ஏம்மா, அந்தப் பிளாஸ்டிக் டப்புல தண்ணி எடு" என்றார்.

இந்தமுறை அழகு நிலையத்துக்குப் போயிருக்கவில்லை. காலுறையைக் கழற்றக் கழற்ற எனக்கு வியர்த்தது. நகங்கள் வளர்ந்து வளைந்து, ஒன்று பக்கத்து விரலைக் குத்திக்கொண்டிருந்தது.

"யார் சார் நெகம் வெட்டறது?"

"அவதான் வெட்டுவா. இப்ப அவ கை வரதில்ல. எனக்குக் குனிய முடியல."

அவர் நெயில்கட்டரையும் கேட்டு வாங்கினார். தண்ணீர் சில்லென்று இருந்தது. அவர் கை என் பாதத்தில் பட்டதும் கூச்சம் தாங்காமல் நெளிந்தேன். "ஆடாதீங்க சார், சதை போயிடும்" என்றார். எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல், அவர் வீட்டுச் சுவரில் இருந்த திருஇருதய ஆண்டவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் படம் எடுக்கவில்லை.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் நான் செய்ததையும், ஏன் செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். யாராவது திட்டுவார்கள் என்று நினைத்தேன். "இத ஒத்துக்க எவ்ளோ பெரிய மனசு வேணும்" என்று டீச்சரம்மா கண்ணைத் துடைத்தார். வங்கி மேலாளர் போனை எடுத்தார். அன்றே தலைவர் பதவியை விட்டேன். அதையும் பாராட்டினார்கள்.

அவர் அன்பியத்துக்குத் திரும்பி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை; கூப்பிடும் யோக்கியதை எனக்கில்லை. ஆனால் அந்த ஞாயிறு நான் மனைவியை மறுபடி கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது படியருகே நின்றிருந்தார். "அம்மாவுக்காக வந்தேன்" என்றார் என்னிடம். மனைவி அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை எனக்குத் தந்து வெகு நாளாகிறது.

நான் நன்றி சொல்லத் தொடங்கினேன். அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் சாய்த்தார்.

"சார், நீங்க கீழ் பக்கம் புடிங்க. பேசினா மூச்சு வாங்கும்."

பிடித்தேன்.