சிவப்புப் புள்ளி மின்னிய இடம்

யுத்தம் முடிந்து சில வருடங்கள் போயிருந்தன. அப்போது நாங்கள் புத்தளத்துத் தில்லையடியில் இருந்தோம். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த எங்கள் ஊர்க்காரர்கள் திரும்பிப் போய்க் காணி கேட்பதற்குப் பழைய ஊரின் வரைபடம் தேவைப்பட்டது. நான் பிறந்ததே இங்கேதான். ஊரைக் கண்டதே இல்லை. ஆனாலும் கம்பியூட்டர் படித்தவள் என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வரைபடச் செயலியொன்றை முதலிலிருந்து எழுதுவதென்றால் மாதக்கணக்காகும். என்னிடம் ஒரு கருவி இருந்தது. இன்னின்ன படங்கள் வேண்டும், எது எதோடு சேரலாம் என்று சொல்லிவிட்டால் போதும், செயலியை அதுவே ஆக்கித் தந்துவிடும். வீடு, கிணறு, வேலி, பாதை, வெறுங்காணி என்று படங்களைப் போட்டேன். எழுத்துத் தெரியாதவர்களும் இழுத்து வைக்கலாம். விதிகளும் போட்டேன். வீட்டை வைத்தால், திரும்பப் போகிறவரின் பெயரைக் கேட்கும். எங்காவது இடத்தைக் காலியாக விட்டால் சிவப்புப் புள்ளி மின்னும். புள்ளி போகும்வரை வரைபடம் அச்சாகாது. எவ்வளவு கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பள்ளிக்கூட அறையொன்றுக்கு, ஊர் நினைவிருந்த பெண்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டேன். ஊரில் கடற்கரை ஒழுங்கை என்ற குறுகிய தெருவில் இருந்த மாமி ஒருவர் எல்லாவற்றையும் வைத்துவிட்டு நடுவில் ஓரிடத்தைக் காலியாக விட்டார். புள்ளி மின்னியது.

"இதில என்ன மாமி இருந்தது?"

"ஒண்டுமில்ல மகள்" என்று எழும்பிப் போய்விட்டார்.

அதே ஒழுங்கைக்காரி இன்னொருவரும் அதே இடத்தை விட்டார். அவருக்குப் பிறகு வந்தவரும் அப்படியே. "அப்ப வெறுங்காணிய வைப்பம்" என்று நான் மவுஸைப் பிடித்ததும் என் கையைத் தட்டிவிட்டார். வெளியே காற்று ஜன்னலைப் போட்டு அடித்தது. அவர்கள் செய்த வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வைத்துப் பார்த்தேன். ஒருவர் செய்ததை மற்றவர் பார்க்கவில்லை. இருந்தும் அந்த வெற்றிடங்கள் அச்சொட்டாகப் பொருந்தின. சரியாக ஒரு வீட்டின் அளவு. பட்டப்பகலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கடைசியாக உம்மாவை உட்காரவைத்தேன். எங்கள் வீட்டை வைத்தார், கிணற்றை வைத்தார். அந்த இடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"உம்மா, புள்ளி போகாட்டி இந்த ஒழுங்கைக்கே காணி கிடைக்காது. நம்மளுக்கும்தான்."

"கிடைக்காட்டிப் போகட்டும்" என்றார். அந்த வெற்றிடத்தில் விரலை வைத்துச் சொன்னார்: "நாங்க வெளிக்கிட்ட அண்டைக்கு ரெண்டு வள்ளம் புறப்பட்டது. எங்கட வள்ளம் கற்பிட்டியில கரை சேர்ந்தது. அந்த வீட்டு ஆக்கள் ஏறின வள்ளத்த இன்னும் காணல்ல. கரையொதுங்கின ஜனாஸாவையும் ஒருத்தரும் காணல்ல. வெறுங்காணி எண்டு எப்பிடி மகள் வைக்கிற? வீட்ட வெச்சா உன்ட மெசின் பேர் கேக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே கருவியைத் திறந்து புதிதாக ஒரு படம் சேர்த்தேன். கதவு சாத்திய வீடு. அது யாருடைய பெயரையும் கேட்காது. உம்மாவின் தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக இருந்ததுதான் என்னைச் சுட்டது.

மற்றப் பெண்களையும் மீண்டும் தனித்தனியாகக் கூப்பிட்டேன். எல்லோரும் ஒன்றும் கேட்காமல் அந்தப் படத்தை எடுத்து அதே இடத்தில் வைத்தார்கள். பிறகு பாதை போட்டார்கள். மற்ற வீடுகளுக்கெல்லாம் வாசலில் தொடங்கி வெளியே இழுத்த அதே கைகள், இந்த வீட்டுக்கு மட்டும் கடலில் தொடங்கி வாசலில் கொண்டுவந்து முடித்தன. உம்மாவும் அப்படித்தான். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

புள்ளி அணைந்தது, வரைபடம் அச்சானது. இப்போது ஊரில் எங்கள் வீடு எழும்பிவிட்டது, பக்கத்திலுள்ள அந்தக் கதவு சாத்திய வீட்டுக் காணியில் யாரும் ஒரு தடிகூட நடவில்லை. அந்தப் பக்கம் பார்க்க இன்றும் எனக்குப் பயம்தான், ஆனாலும் மாலையில் கடல் பக்க வேலிக் கதவை நான் சாத்துவதில்லை.