மல்லிகா அக்கா தேர்ந்தெடுத்த மிசின்

அன்று காலையில் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது மல்லிகா அக்காவின் கணவர் போனில் கூப்பிட்டார். "அக்கா போயிட்டா சாமி. காத்தால எந்திரிக்கவே இல்ல" என்றார். அக்கா நடத்திய புதுச்சத்திரம் யூனிட்டில் அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு நான்தான் போன் செய்தேன். எவரிடமும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. இப்போது குழந்தை தூங்கியிருக்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

கோழிப்பண்ணைக் கொட்டகைகளில் வெயிலுக்கேற்ப விசிறிகளை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டுகள்தாம் எங்கள் தொழில். எள்ளைவிடச் சிறிய பாகங்களை இடுக்கியால் எடுத்து, சாலிடர் பசை தடவிய இடத்தில் ஒவ்வொன்றாக வைப்போம். ஆர்டர் பெருகப் பெருகக் கண்ணும் கழுத்தும் தாங்கவில்லை. அந்த வேலையைச் செய்யும் சின்ன மிசின் ஒன்றை, நமக்குக் கட்டுப்படியாகும் விலையில் வாங்க வேண்டும் என்றார் அக்கா.

கோயம்புத்தூரில் எங்களுக்கு ஓட்டிக்காட்டிய முதல் மிசின் கண்ணிமைப்பதற்குள் பாகங்களை வைத்துக்கொண்டே போனது. நான் மயங்கிப்போனேன். அக்கா, குழிகுழியாகப் பாகங்கள் அடைத்த நாடாவை வாங்கி, நடுநடுவே சில குழிகளைக் காலி செய்து, "இப்ப ஓட்டுங்க தம்பி" என்றார். காலிக் குழியிலும் மிசின் குனிந்தது. எதையும் எடுக்கவில்லை, ஆனாலும் வைத்ததுபோலப் பாவனை செய்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டது.

"ஏனுங் தம்பி, மொய் வெக்காமயே பந்தியில சாப்புட்டுப் போறவனாட்டம் இருக்குதே!"

"ஸ்பீடப் பாருங்க மேடம்" என்றார் விற்பனையாளர்.

"எங்க ஊட்டுல தறி ஓட்டுனவங்க. இழை அறுந்தா தறி நிக்கோணும். நிக்காம ஓடுனா அத்தனையும் பழுது. சித்திரை வெயில்ல விசிறி நின்னுபோனா கோழிக்கு ஆருங்க பதில் சொல்றது?"

கடைசியில், கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் பாகம் சிக்காவிட்டால் நின்று சத்தம் கொடுக்கிற மிசினுக்கே சொல்லிவைத்தார்.

"அத நீதான் பாத்துக்கோணும் கண்ணு" என்று என்னிடம் சொன்னார்.

"கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு எப்படிக்கா? ஏதாச்சும் தப்பாயிட்டா? பயமா இருக்கு."

"பயப்படறவதான் ரெண்டு தடவ பாப்பா. கொழந்த அழுதா மிசின நிறுத்திப்போட்டுப் போ. கோவிச்சுக்கறதுக்கு அதென்ன உன்ற மாமியாளா?"

மிசின் வருவதற்குள் அக்கா போய்விட்டார். கருமாதி முடிந்ததும் அக்காவின் கணவர், எங்களுக்கெல்லாம் அண்ணன், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ பாத்துக்கறதுன்னா மிசின் வரட்டும். இல்லீன்னா வேண்டாம்னு சொல்லி, யூனிட்டப் பூட்டிப்போடலாம் சாமி" என்றார். நம் எல்லோருடைய வேலையும் என் ஒரு சொல்லில் நின்றது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவிவந்தேன்.

அதே வாரம் விற்பனையாளர் கூப்பிட்டார். "எல்லாம் செக் பண்ணியாச்சு மேடம், அனுப்பிரலாமுங்களா?"

"இல்லைங்க. எங்க போர்டையும் பாகங்களையும் எடுத்துக்கிட்டு நானே வாரேன். எம் முன்னாடி ஓட்டிக்காட்டுங்க. அப்புறம் வண்டியில ஏத்தலாம்."

சொல்லி முடித்த பிறகே, யாரையும் கேட்காமல் மிசினைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டேன் என்று உறைத்தது. அண்ணனுக்குப் போன் செய்தேன். "செரி சாமி" என்றார்.

அக்காவின் தைரியம் எனக்கு வரவில்லை. பயந்தவள் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அவர் கற்றுத்தந்த வழக்கம் மட்டும் என்னிடம் இருக்கிறது. வியாழக்கிழமை குழந்தையையும் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் போகிறேன்.