ஊசிக்கு முன் ஒரு மாத்திரை

அழற்சி ஆராய்ச்சியில் நுண்ணோக்கியெல்லாம் பிறகு. முதலில் யாராவது கையை நீட்ட வேண்டும். ரத்த மாதிரி கேட்டு ஊர் ஊராகப் பஸ் ஏறியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நிற்காத வண்டி

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த பெண்களின் ரத்தத்தில் அழற்சி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பது எங்கள் ஆய்வு. திருச்செங்கோட்டில் ஒரு சமுதாயக் கூடத்தில் அவர்களைக் கூட்டி விளக்கினேன். காயம் பட்டால் சிவந்து, சூடாகி, வீங்குகிறது. அது உடம்பு செய்யும் நல்ல வேலை. வேலை முடிந்தும் அடங்காமல் கனன்றுகொண்டே இருந்தால், புற்றுநோய் அதில் குளிர்காயலாம்.

முன்வரிசையில் சரசு அக்கா. சிகிச்சை முடித்தவர், மற்றவர்களை அழைத்து வந்தவரும் அவர்தான். கணவர் போர்வெல் வண்டி ஓட்டுகிறார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "போர் போட்டு முடிச்ச பொறவும் கம்ப்ரசரை ஆப் பண்ணாம உட்டாப்பலீங்களா, அம்மிணி?"

நல்ல தண்ணீர்

அங்கே எடுத்த ரத்தத்துக்கு அஸ்தம்பட்டியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் முடிவுகள் வந்தன. திருச்செங்கோட்டுப் பெண்களுக்கு அழற்சி மிகக் குறைவு. ஒப்பிட்டுப் பார்க்க ரத்தம் எடுத்திருந்த, நோயே வராத பெண்களைவிடவும் குறைவு. கருவியைச் சரிபார்த்து மறுபடி ஓட்டினோம். அதே எண்கள்.

இவ்வளவு நல்ல எண்களை என்னால் நம்ப முடியவில்லை. ஆய்வுக்கூட உதவியாளர் பழனிக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "அந்தூர்த் தண்ணியில என்னமோ இருக்குதுங்க மேடம். நாமளும் அங்கயே குடி போயிரலாம்."

மருந்து இல்லை

குடி போகவில்லை, பஸ் ஏறினேன். ரத்தம் எடுக்கும் முன் மருந்து ஏதும் சாப்பிட்டீர்களா என்று எல்லோரிடமும் கேட்டிருந்தோம். இல்லை என்றார்கள். அன்று காலை என்னதான் சாப்பிட்டீர்கள் என்று சரசு அக்காவிடம் இப்போது கேட்டேன்.

"பச்சத்தண்ணியில ஆளுக்கொரு வலி மாத்திரைங்க. நாந்தான் மெடிக்கல்ல வாங்கியாந்து குடுத்தேன்" என்றார்.

காரணம் இருந்தது. அறுவைச் சிகிச்சை நடந்த பக்கத்துக் கையில் ஊசி போடுவதில்லை. இன்னொரு கையிலோ கீமோ ஏற்றி ஏற்றி நரம்பெல்லாம் இறுகிக் கிடக்கும். கிடைக்கிற வரை குத்துவார்கள். அந்த வலிக்கு அஞ்சி யாரும் பாதியில் எழுந்து போய்விடக்கூடாது என்றுதான் மாத்திரை. நாங்கள் அளக்கும் அழற்சிப் பொருளைச் சுரக்க விடாமல் தடுப்பதே அந்த மாத்திரையின் வேலை என்று சொன்னேன்.

சரசு அக்கா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "அது மருந்துங்களா? ஊட்ல எல்லாரும் முழுங்கறதுதானுங்களே."

பாயிண்ட்

எல்லோரிடமும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும், இந்த முறை மாத்திரை இல்லாமல். அவர்கள் மறுத்தால் ஆய்வு அத்தோடு முடிந்தது. அதே கூடத்தில் நின்று உள்ளதைச் சொன்னேன். வலிக்கும். இதனால் உங்களுக்கு நேரடியாக எதுவும் கிடைக்காது. பின்னால் வருகிறவர்களுக்குக் கிடைக்கலாம். வராவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டோம்.

பின்வரிசையில் ஒருவர் முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டார். சரசு அக்கா மட்டும் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கையை மேசைமேல் வைத்தார்.

"நாங்க தர்றமுங்க. குத்தறதுக்கு மட்டும் கை தேர்ந்த ஆளாக் கூட்டியாங்க. போர் போடறவனே பாயிண்ட் பாத்துத்தான் எறக்கறான்."

குடித்தனம்

புற்றுநோய் வார்டில் பழகிய நர்ஸ் ஒருவரை அழைத்துப் போனேன். ஒவ்வொரு கைக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, விரலால் தடவித் தடவி நரம்பைத் தேடினார். அப்படியும் சிலருக்கு இரண்டாம் தடவை குத்த வேண்டியிருந்தது. எழுந்து போனவர் யாருமில்லை.

முடிவுகளில் இப்போது ஏற்றமும் இறக்கமும் இருந்தன. சிலருக்கு அழற்சி அடங்கியிருந்தது, சிலருக்கு இல்லை. எங்களுக்கு வேண்டிய வித்தியாசம் அதுதான். பழனி திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"அப்ப குடி போக வேண்டாமுங்களா, மேடம்?"

முடிவு ரொம்ப நன்றாக இருந்தால் உடனே பஸ் ஏறிவிட வேண்டும் என்பதுதான், இத்தனை வருஷ ஆராய்ச்சியில் இதுவரை யாரும் மறுக்காத என் கண்டுபிடிப்பு.